பின்சக்கரத்தின் அகலக்கால்

லம்போர்கினி கவுன்டாக் காரைப் படத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் அதன் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் நினைவில் வைத்திருப்பார்கள். 1978-இல் வந்த எல்பி400 எஸ் மாடலின் பின்சக்கரங்களில் 345 மி.மீ. அகல பிரெல்லி பி7 டயர்கள் இருந்தன. முன்சக்கரங்களுக்கு வெறும் 205. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு ரோடு ரோலர்களைத் தகட்டுக்குள் ஒளித்து வைத்தது போலிருக்கும். அன்றிலிருந்து வேகமான கார் என்றால் பின்டயர் அகலமாக இருக்க வேண்டும் என்பது ஒரு நம்பிக்கையாகவே நிலைத்துவிட்டது. அகலக்கால் வைக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் கடன் வாங்கப் போகிறவனிடம் சொல்வார்கள். ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடம் அந்தப் பேச்சே எடுபடாது.

பின்சக்கரத்துக்கு எத்தனை மி.மீ. போடலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியே கொஞ்சம் பிசகு என்பது என் கட்சி. முன்சக்கரத்தில் இருப்பதைப் போல எத்தனை மடங்கு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். ஏன் என்று பார்ப்பதற்கு முன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துவிடலாம்.

245/40 ஆர்17 என்று ஒரு டயரில் இருக்கிறது. 245 என்பது மி.மீ. கணக்கில் டயரின் குறுக்கு அகலம். அதில் 40 சதவீதம், அதாவது 98 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த 245 ரோட்டைத் தொடும் அகலம் அல்ல; இரு பக்கமும் புடைத்திருக்கும் சுவர்களுக்கு இடையே உள்ள தூரம். அதுவும் 8.5 அங்குல ரிம்மில் மாட்டி அளந்தது. ரிம் அரை அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ டயரின் அகலமும் 5 மி.மீ. அளவுக்குக் கூடும், குறையும். இரண்டு கம்பெனிகளின் 245 டயர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று இன்னொன்றைவிடப் பருத்திருப்பது சாதாரணம். ரோட்டைத் தொடும் பட்டன் பகுதி எவ்வளவு அகலம் என்பது கம்பெனியின் அளவுப் பட்டியலில் தனியாக இருக்கும். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

அகலம் கூடினால் பிடிப்பு கூடுமா? பள்ளிக்கூட இயற்பியலிடம் கேட்டால் கூடாது என்று சொல்லும். உராய்வுக்கும் தொடும் பரப்புக்கும் சம்பந்தமில்லை என்று பிரான்ஸின் கியோம் அமோன்டோன் 1699-லேயே எழுதிவிட்டார். மரத்துக்கும் இரும்புக்கும் அது ஏறக்குறைய சரி. ரப்பர் அதற்குக் கட்டுப்படாது. ரப்பர் ரோட்டின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் புதைந்து, ஒட்டி, பிய்ந்து வருகிற பொருள். அதன் மேல் எடையை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடும். ஒவ்வொரு கிலோ எடைக்கும் கிடைக்கும் பிடிப்பு, எடை ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அழுந்தும்போது நடப்பது இதுதான். ஒரே எடையை அதிக ரப்பரில் பரப்பினால் இந்த நஷ்டம் குறைகிறது. அகல டயருக்குச் சொல்லப்படும் நியாயங்களில் நான் முதலில் ஒப்புக்கொள்வது இதை.

ஆனால் அகலம் கூடினால் ரோட்டைத் தொடும் பரப்பும் அதே அளவுக்குக் கூடும் என்று நினைப்பது தவறு. காரைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்று. சுமார் 1,250 கிலோ எடையுள்ள, முன்னும் பின்னும் சரிபாதியாக எடை பிரிந்த ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 312 கிலோ. காற்று 32 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ. வகுத்தால் சுமார் 140 சதுர செ.மீ. வரும், உள்ளங்கையை விரித்து வைத்த அளவு. டயரின் உடல் விறைப்பும் கொஞ்சம் தாங்குவதால் இது தோராயக் கணக்குதான். தொடும் அகலம் 19 செ.மீ. என்றால் நீளம் 7.4 செ.மீ.; அகலத்தை 21 ஆக்கினால் நீளம் 6.7 ஆகிவிடும். பரப்பு அப்படியே இருக்க, வடிவம் மட்டும் மாறுகிறது. நீண்ட தடம் குட்டையாகி அகலமாகிறது.

குட்டையான அகலத் தடம் வளைவில் கைகொடுக்கும். பக்கவாட்டு விசை வரும்போது தடத்தின் பின்பகுதிதான் முதலில் வழுக்கத் தொடங்குகிறது. நீளம் குறைந்தால் அந்தப் பகுதியும் குறையும். தடத்தின் பரப்பு மாறாவிட்டாலும் டயரைச் சுற்றி மொத்த ரப்பர் அதிகமிருப்பதால் சூடும் தேய்மானமும் பரவும். அதனால் டயர் செய்பவர் இன்னும் மென்மையான ரப்பரைப் போடத் துணிவார். அகல டயரின் பெருமையில் பாதிப் பங்கு இந்த மென்ரப்பருக்குச் சேர வேண்டியது என்று நினைக்கிறேன். ஒரே ரப்பரில் 20 மி.மீ. அகலம் கூட்டுவதைவிட, அகலத்தைத் தொடாமல் நல்ல ரப்பருக்கு மாறுவது பல நேரங்களில் அதிகப் பலன் தரும்.

பின்சக்கரத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் கவனிப்பு? அதற்கு வேலை இரண்டு. காரை முன்னே தள்ள வேண்டும்; வளைவில் வெளியே வீசப்படாமல் பிடித்திருக்கவும் வேண்டும். ஜெர்மனியின் வூனிபால்ட் காம் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். இன்றும் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். ஒரு டயரின் மொத்தப் பிடிப்பை வட்டத்தின் ஆரமாகக் கொண்டால், தள்ளுவதற்கு அதில் 60 சதவீதத்தைச் செலவழித்தபின் பக்கவாட்டில் பிடிக்க 80 சதவீதம் மீதமிருக்கும். தள்ளுவதற்கே 80 எடுத்துவிட்டால் மிச்சம் 60தான். வளைவின் முடிவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வால் வீசுவதற்குக் காரணம் இந்தச் செலவுக் கணக்கு. எஞ்சினின் சக்தி கூடக் கூட, பின்டயருக்குக் கூடுதல் கையிருப்பு தேவைப்படுகிறது.

எடையும் சேர்ந்துகொண்டால் சிக்கல் இன்னும் கூடும். போர்ஷே 911 பிறந்தபோது, 1960-களில், நான்கு சக்கரத்துக்கும் ஒரே 165 மி.மீ. டயர், 4.5 அங்குல ரிம். எஞ்சினோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. எடையில் பெரும்பங்கு பின்சக்கரங்கள் மேல். வளைவின் நடுவே ஓட்டுநர் பயந்து காலை எடுத்தால் போதும், வால் முன்னே வந்து நின்றுவிடும். போர்ஷே முதலில் முன் பம்பருக்குள் கனமான உலோகக் கட்டிகளை வைத்துப் பார்த்தது. 1969 மாடலுக்குச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை 57 மி.மீ. நீட்டியது. தெளிவான விடை 1973-இன் கரேரா ஆர்எஸ் 2.7-இல் வந்தது: முன்னால் 6 அங்குல ரிம்மில் 185, பின்னால் 7 அங்குல ரிம்மில் 215. பின் மட்கார்டுகளை அதற்காகவே உப்ப வைத்தார்கள். வாத்துவால் என்று செல்லமாகச் சொல்லப்படும் அதன் பின்சிறகைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த உப்பிய மட்கார்டுதான் அதற்குப் பின் வந்த எல்லா 911-களுக்கும் உருவம் கொடுத்தது. 992 தலைமுறையின் கரேரா எஸ் காரில் முன்னால் 245, பின்னால் 305.

இனி, நான் சொன்ன மடங்குக் கணக்கு. 215-ஐ 185-ஆல் வகுத்தால் 1.16. 305-ஐ 245-ஆல் வகுத்தால் 1.24. கவுன்டாக் எல்பி400 எஸ் காருக்கு 1.68. முன்னும் பின்னும் எடை சமமாகப் பிரிந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு நான்கும் ஒன்றே, அதாவது 1. ஆடி ஆர்எஸ்3 போன்ற மூக்குக் கனத்த காரில் கணக்கு தலைகீழாகிறது. 2021-இல் வந்த தலைமுறைக்கு முன்னால் 265, பின்னால் 245, மடங்கு 0.92. பின்டயரை அகலமாக்குவதுதான் வேகம் என்று நம்புகிறவர்கள் இந்தக் காரின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஒவ்வொரு காரின் எடையும் இயக்கமும் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் ரப்பர் போகிறது.

மடங்கு மாறினால் கார் எப்படி மாறும் என்பதற்கு ஹோண்டா எஸ்2000-ஐவிட நல்ல பாடம் தெரியவில்லை. 1999-இல் வந்த இரு இருக்கைக் கார். இரண்டு லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 9,000 சுற்று. முன்னால் 205/55 ஆர்16, பின்னால் 225/50 ஆர்16; மடங்கு 1.10. ஓட்டத் தெரிந்தவர்கள் இதைக் கொண்டாடினார்கள். தெரியாதவர்கள் ஈரச் சாலையில் திரும்பி நின்றார்கள். எல்லை வரை சொன்னபடி கேட்கும். எல்லை தாண்டினால் எச்சரிக்காமல் வால் வெட்டும் என்பது இதற்கு வந்த பெயர். 2004 மாடலுக்கு ஹோண்டா முன்னால் 215/45 ஆர்17, பின்னால் 245/40 ஆர்17 என்று மாற்றியது. முன்னால் 10 மி.மீ., பின்னால் 20. மடங்கு 1.14. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பின் சஸ்பென்ஷனின் அமைப்பு ஆகியவற்றையும் கூடவே மாற்றினார்கள் என்பதால் புண்ணியத்தை முழுக்க டயருக்கே எழுத முடியாது. ஆனாலும் கார் அடங்கியது. பிறகு அமெரிக்காவில் வந்த சி.ஆர். என்ற பந்தய வகையில் முன்னால் அதே 215, பின்னால் 255, மடங்கு 1.19.

ஒரே கார், மூன்று மடங்குகள், ஒவ்வொரு முறையும் வால் இன்னும் கெட்டியாகிறது. தொழிற்சாலைக்கு இதில் ஒரு காரணம் உண்டு. முன்சக்கரம் முதலில் வழுக்கினால், ஆங்கிலத்தில் அண்டர்ஸ்டியர் என்பார்களே, பயந்து காலை எடுக்கும் சாதாரண ஓட்டுநர் பிழைத்துக்கொள்வார். பின்சக்கரம் முதலில் வழுக்கும் ஓவர்ஸ்டியரில், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பும் பழக்கம் கையில் ஊறியிருக்க வேண்டும். அதே எஸ்2000-ஐ ஆட்டோகிராஸ் போட்டிக்குத் தயார் செய்கிற அமெரிக்கர்கள் பலர் என்ன செய்கிறார்கள்? நான்கு சக்கரத்துக்கும் 255/40 ஆர்17 மாட்டி மடங்கை 1-க்குக் கொண்டுவருகிறார்கள். முன்னால் பிடிப்பு கூடியதால் வால் துள்ளும். அதை அடக்க முன்பக்கம் தடித்த ஆன்டி-ரோல் பார் போடுகிறார்கள். தொழிற்சாலை பயந்து ஒதுக்கிய திருப்பத்தை அவர்கள் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். இருவர் செய்வதும் சரி. கை வேறு.

பின்னால் மட்டும் பெரிதாக்கி முன்னால் அப்படியே விட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: கார் மந்தமாகிவிட்டது, வளைவில் மூக்கு திரும்பவில்லை, முன்டயர் தோள் பக்கம் சீக்கிரம் மொட்டையாகிறது. வாங்கிய பிடிப்பு பின்னால் சும்மா இருக்கிறது. செலவு முன்னால் ஆகிறது.

ஃபார்முலா 1-உம் இந்தக் கணக்கைப் பட்டுத்தான் கற்றது. 1998 முதல் 2008 வரை டயர்களில் நீளவாக்கில் பள்ளம் வெட்டி வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். 2009-இல் பள்ளங்களை எடுத்துவிட்டு முழு ரப்பருக்குத் திரும்பியபோது முன்டயருக்குக் கிடைத்த லாபம் விகிதத்தில் பின்டயருக்குக் கிடைத்ததைவிட அதிகம். முன் 270, பின் 325 என்றிருந்த காரில் முன்பக்கப் பிடிப்பு தூக்கலாகிவிட்டது. அடுத்த ஆண்டே முன்டயரை 245-க்குச் சுருக்கினார்கள். பின்னால் கையே வைக்கவில்லை. மடங்கு 1.20-இலிருந்து 1.33 ஆயிற்று. 2017-இல் எல்லாவற்றையும் அகலமாக்கியபோது முன் 305, பின் 405. வகுத்துப் பாருங்கள், அதே 1.33. 2026 விதியில் முன்னால் 25 மி.மீ.யும் பின்னால் 30 மி.மீ.யும் குறைத்தார்கள், 280, 375. மடங்கு 1.34. அகலம் ஏறி இறங்கியது, மடங்கு மட்டும் ஏறக்குறைய அசையவில்லை.

அகலத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குப் புகாட்டி. 2005-இல் வந்த வேரானின் பின்டயர் 365 மி.மீ., முன்டயர் 265. சக்தி 1,001 குதிரைத்திறன். 2016-இல் அதற்கு வாரிசாக வந்த ஷிரோனுக்கு 1,500 குதிரைத்திறன். பின்டயர் இன்னும் பருத்திருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். வந்தது 355. முன்னால் 285. ஒன்றரை மடங்கு சக்தியை 10 மி.மீ. குறைந்த டயர் தாங்குகிறது. மடங்கும் 1.38-இலிருந்து 1.25-க்கு இறங்கிவிட்டது. 911 கரேரா எஸ் நிற்கும் அதே இடம்.

எதிர்க்கட்சி ஒன்று உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். டொயோட்டா 86 காரை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவும் அவர் குழுவும் வேண்டுமென்றே நான்கு சக்கரத்துக்கும் 215/45 ஆர்17 போதும் என்று வைத்தார்கள். டயரும் ஸ்போர்ட்ஸ் டயர் அல்ல, மிஷ்லின் பிரைமசி எச்பி. பிரியஸ் போன்ற குடும்பக் கார்களுக்குப் போகிற வகை. பலர் கேலி செய்தார்கள். பிடிப்பின் எல்லை தாழ்வாக இருந்தால் சாதாரண வேகத்திலேயே கார் பேசத் தொடங்கும் என்பது டாடா குழுவின் எண்ணம். கேட்டர்ஹாம் செவன் 170 இன்னும் ஒரு படி போகிறது: 440 கிலோ எடை, 155 மி.மீ. டயர். எடை குறைந்த காருக்கு அகல டயர் இன்னொரு வகையிலும் ஆகாது. ரப்பர் ஒரு வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் முழுதாகப் பிடிக்கும். அந்தச் சூட்டை ஏற்ற அழுத்தமும் உழைப்பும் வேண்டும். லேசான கார், பரந்த டயர் என்றால் சூடேறாமலே பயணம் முடிந்துவிடும்.

மழையை மறந்தால் மேலே சொன்னதெல்லாம் வீண். நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் வால்டர் ஹோர்னும் அவர் சகாவும் 1963-இல் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார்கள்: நீர் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். 32 பி.எஸ்.ஐ. என்றால் மணிக்குச் சுமார் 94 கி.மீ.; 25 என்றால் 83. இதில் அகலம் வரவில்லை என்று அகல டயர்க்காரர்கள் குஷிப்படலாம். பின்னர் லாரி டயர்களை ஆராய்ந்த ஹோர்னே தடத்தின் வடிவத்தையும் சேர்த்தார். தடம் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். குறுகிய படகு நீரைக் கிழிக்கும், தெப்பம் அதன் மேல் ஏறி நிற்கும், அந்த மாதிரிதான். நேர்ச்சாலையில் முன்டயர் நீரை ஒதுக்கிய பாதையில்தான் பின்டயரின் பெரும்பகுதி வருகிறது. முன்டயரைத் தாண்டி நீளும் ஓரம் மட்டும் ஒதுக்காத நீரைச் சந்திக்கிறது. மழை ஊரில் இருப்பவர் 20 மி.மீ. அகலத்துக்கு ஆசைப்படுவதற்கு முன் பட்டன் ஆழத்தைப் பார்க்கட்டும். 1.6 மி.மீ. சட்டத்தின் எல்லை, அகல டயருக்கு அது மிகத் தாமதமான எல்லை.

ரிம் விஷயத்தில் சலுகை கிடையாது. 255/40 ஆர்17 டயர் 8.5 முதல் 10 அங்குலம் வரையிலான ரிம்முக்கு உரியது. முதல் எஸ்2000-இன் பின் ரிம் 7.5 அங்குலம்தான். இதே அகலத்தில் 17 அங்குல ரிம் வாங்கி 255-ஐத் திணித்தால் பக்கச்சுவர்கள் உள்ளே இழுபட்டு, பட்டன் பகுதி நடுவில் புடைக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியபின் கார் ஒரு கணம் யோசிக்கும். தேய்மானமும் நடுவில் விழும். ஆகவே முதலில் ரிம், பிறகு டயர். ரிம் ஒரு அங்குலம் அகன்றால், ஆஃப்செட் மாறாதபோது, இருபுறமும் 12.7 மி.மீ. நீளும், உள்ளே சஸ்பென்ஷன், வெளியே மட்கார்டு. நின்ற காரில் இடம் இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. பின்னிருக்கையிலும் டிக்கியிலும் எடை ஏற்றி, சஸ்பென்ஷன் முழுதாக அழுந்தும்போது பார்க்க வேண்டும்.

விட்டத்தை மறப்பவர்கள் நால்சக்கர இயக்கக் கார்களில் வசமாக மாட்டிக்கொள்வார்கள். நிஸான் ஜிடி-ஆர் (ஆர்35) காரின் முன்டயர் 255/40 ஆர்20. விட்டம் 712 மி.மீ. பின்டயர் 285/35 ஆர்20, 707.5. வித்தியாசம் 0.6 சதவீதம். பின்னால் 305 ஆசை வந்தால் 305/35 போட்டால் 721.5, 305/30 போட்டால் 691. முதலாவதில் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிடப் பெரிதாகிவிடும். இரண்டாவதில் 3 சதவீதம் சிறிதாகிவிடும். முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழல, இடையில் உள்ள கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். பின்சக்கர இயக்கக் காரில் இந்த ஆபத்து இல்லை என்றாலும், ஏபிஎஸ்ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் சக்கர வேகங்களை ஒப்பிட்டே முடிவெடுக்கின்றன. விகிதம் தப்பினால் அவை இல்லாத வழுக்கலைப் பார்க்கும்.

எனக்கு யாராவது ஸ்போர்ட்ஸ் கார் கொடுத்து டயர் தேர்ந்தெடுக்கச் சொன்னால் (அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை), தொழிற்சாலை மடங்கை முதலில் எழுதி வைப்பேன். காரின் குணம் பிடித்திருந்தால் முன்னும் பின்னும் சேர்த்தே ஒரு அளவு கூட்டுவேன், மடங்கு நூற்றில் இரண்டு மூன்றுக்கு மேல் நகராமல். வால் அதிகம் வீசுகிறது என்றால் பின்னால் மட்டும் பத்து மி.மீ. மூக்கு திரும்பவில்லை என்றால் பின்னால் ஒன்றும் செய்யாமல் முன்னால் பத்து. நான்கிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். இல்லையென்றால் இந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை.

மாட்டிய பிறகு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை குறுக்கே தடிப்பாக ஒரு கோடு. நேர்ச்சாலையில் சில நூறு மீட்டர் ஓட்டி இறங்கிப் பார்க்க வேண்டும். கோடு முழுதும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் அத்தனை அகலமும் ரோட்டில் இருக்கிறது. நடுவில் மட்டும் அழிந்து இரு ஓரமும் வெள்ளையாக நின்றால் முதலில் காற்றைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் ஓரம் வெள்ளையாகவே நின்றால், காசு கொடுத்து வாங்கிய அகலம் ரோட்டுக்கு வரவே இல்லை.